ஜஹாங்கீர் பாய் வாங்கிய ஸ்கேனர்

திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூர் போகிற வழியில், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைக்குப் பின்னால், டேங்க் கம்பெனியின் மதிலை ஒட்டி ஒரு சந்து இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கும் ரசாயனங்களைப் பெரிய பெரிய வெள்ளை டேங்குகளில் நிரப்பி வைத்திருக்கும் கம்பெனி அது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. சந்தில் யாரும் அதைச் சொல்வதில்லை, நாமும் விட்டுவிடுவோம். அந்தச் சந்தில் நாலாவது வீடு ஜஹாங்கீர் பாயுடையது. வண்ணாரப்பேட்டை மொத்தக் கடைகளுக்கு உள்பாவாடை தைத்துக் கொடுத்தே கட்டிய வீடு. வாசலுக்கு நேராகத் தையல் மிஷின். காலையில் உட்கார்ந்தால் பகல் தொழுகைக்குத்தான் எழுந்திருப்பார்.

ஒரு மழைக்காலத்து விடிகாலையில் கம்பெனியிலிருந்து கேஸ் கசிந்தது. எச்சரிக்கவில்லை, மைக் வைத்துச் சொல்லவில்லை, ஒரு வாட்ச்மேன்கூட ஓடி வரவில்லை. தூக்கத்தில் இருமி எழுந்த பிறகுதான் சந்துக்கே தெரிந்தது. பாய் தன் மனைவி மலிகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார். பாதி வழியில் அவள் கையை உதறிவிட்டுத் திரும்பினாள். எதிர்வீட்டு வரலட்சுமி கதவு திறக்கவில்லை என்று அவளுக்கு நினைவு வந்துவிட்டது. வரலட்சுமி வீட்டுக் கதவை மட்டுமா தட்டினாள், சந்து முழுக்கத் தட்டினாள். எல்லோரும் பிழைத்தார்கள். மலிகாவும் பிழைத்தாள், ஆனால் நுரையீரல் பாதி போனது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இன்னொரு தடவை இந்த மாதிரி பட்டால் தாங்க மாட்டார்கள் என்று டாக்டர் பாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மலிகாவுக்கு அது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். லாரிகள் நின்றன, அதிகாரிகள் வந்தார்கள். கடைசியில் கம்பெனி மதில்மேல் ஒரு கம்பம் நட்டு அதில் சைரன் கட்டியது. மாதம் ஒரு தடவை ஒத்திகை. சைரன் ஊதும், ஜனங்கள் மெயின் ரோட்டுக்கு ஓடவேண்டும், மஞ்சள் கோட்டு போட்ட ஆட்கள் அதை வீடியோ எடுப்பார்கள், ஓடி வந்தவர்களுக்கு ஆளுக்கொரு ஜூஸ் பாக்கெட். முதல் இரண்டு தடவை எல்லோரும் ஓடினார்கள். பிறகு ஜூஸுக்காகப் பிள்ளைகள் மட்டும் ஓடினார்கள். பிறகு அதுவும் இல்லை. எச்சரிக்கை மணியை எப்படிச் செல்லாக்காசு ஆக்குவது என்று அந்தக் கம்பெனியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஓடியவள் மலிகா ஒருத்திதான். ஓடிவிட்டு வந்து இரண்டு மூன்று நாள் படுக்கையில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடுவாள். ஓடாமல் இருந்தால் நிஜமான கேஸ் வந்து கொல்லும், ஓடினால் பொய்யான சைரனே கொல்லும் என்கிற நிலைமை.

இதற்கு நேரான வழி ஒன்று இருந்தது. மகள் ஜஸீமா பெரம்பூரில் வாழ்கிறாள். மருமகன் ஒவைஸ் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் காண்டிராக்ட் வேலை பார்க்கிற நல்ல பையன். மாடியில் ஒரு அறை சும்மாதான் கிடந்தது. "அத்தா, அம்மாவ இட்டுகினு இங்க வந்துடு. மிஷினயும் தூக்கினு வா" என்று மகள் வாராவாரம் போனில் சொன்னாள். ஒவைஸே நேரில் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனான்.

"பொண்ண குட்த்த வூட்ல போய் துண்ணுகினு உக்கார்றதா? வேற வேல இல்ல?" என்றார் பாய்.

"துண்றதுக்கா கூப்ட்றாங்கோ? மூச்சு வுட்றதுக்குத்தான கூப்ட்றாங்கோ" என்றாள் மலிகா.

அவளுக்கு வாய் எப்போதும் கூர்மைதான். ஆனால் பாயின் காதில் அது ஏறவில்லை. இதே சந்தில் இருந்த அப்சல், மனைவி இறந்தபிறகு மருமகன் வீட்டுக்குக் குடிபோனபோது டீக்கடையில் முதலில் சிரித்தவர் நம் பாய்தான். 'மாமனாரு இல்லடா, அந்த வூட்டு வாட்ச்மேனு' என்று அவர் சொன்னதைச் சந்தே கொஞ்ச நாள் சொல்லிச் சிரித்தது. அப்படிச் சிரித்த வாய், இப்போது எப்படிச் சாமான் மூட்டையைக் கட்டும்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். பாய் சூடும் கண்டார், அடுப்பங்கரையையும் விடவில்லை.

ஒரு ஒத்திகை நாளில் அவர் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். செக்யூரிட்டியின் இடுப்பில் தொங்கிய வாக்கி டாக்கி பேசியது. 'மாக் டிரில், மாக் டிரில், எல்லாரும் ரெடியா இருங்க' என்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சைரன் ஊதியது. பாய்க்குப் பொறி தட்டியது. இவன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டால் போதுமே. ஒத்திகையா நிஜமா என்று ஊருக்கு முன்னால் தெரிந்துவிடும். மலிகா வீணாக ஓடவேண்டாம். நிஜமென்றால் சைரனுக்கு முன்பே கிளம்பிவிடலாம். பெரம்பூர் பேச்சே வேண்டாம்.

காசிமேட்டில் படகுக்காரர்களுக்கு வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் விற்கிற ராசையா அண்ணாச்சியின் கடைக்குப் போனார். அண்ணாச்சி திசையன்விளைப் பக்கத்துக்காரர், சென்னைக்கு வந்து தலை நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் ஊரிலேயே இருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"இதெல்லாம் லைசென்ஸ் இல்லாம வச்சுக்கிடப்படாது, கேட்டீயளா. வெளிய மூச்சு விடாதீய" என்று சொல்லிவிட்டு மேஜைமேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது கடலுக்கு உள்ளது. படகும் ஹார்பரும் பேசுதது மட்டும் கேக்கும். ஒமக்கு ஆகாது."

"போலீஸ், ஃபயர் சர்வீஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் எதுல அண்ணாச்சி கேக்கும்?"

"அவுங்க பாதிப்பேரு டிஜிட்டலுன்னு புது மாதிரிக்கு மாறியாச்சு. பேச்சை எண்ணு எண்ணா மாத்தி அனுப்புவான். சாதாப் பெட்டிக்கு அது வெளங்காது. இந்தா, இந்தப் பெரிசு அதையும் கேக்கும். ஆனா கம்ப்யூட்டர்ல மாட்டி, என்னெல்லாமோ செட்டிங்கு போடணும்." மூன்றாவதைத் தொட்டார். "இது சாதா ஸ்கேனர். ஒரு திருகு, ஒரு ஸ்பீக்கர். ஒங்க கம்பெனிக்காரன் பழைய செட்டுலதான் பேசுதான், நம்ம பையங்கதான் அங்க மாட்டிக் குடுத்தது. தெளிவாக் கேக்கும். ப்ளேனும் கேக்கும்."

"ப்ளேனா?"

அண்ணாச்சி திருகைத் திருப்பினார். கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு விமானத்தின் பைலட், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பேசினான். இங்கிலீஷ்தான், ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு கரகரப்பு இல்லை, இழுவை இல்லை. பாய் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். இவ்வளவு உயரத்தில் பறக்கிறவன் குரலையே பிடிக்கிற பெட்டி, மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் குரலைப் பிடிக்காதா? பெரிய பெட்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் விலை ஒரு பக்கம், கம்ப்யூட்டர் மறுபக்கம். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தப் பைலட்டின் குரலில் அவர் மயங்கிவிட்டார்.

"கம்பெனிக்காரன் நாளைக்கு மாத்திட்டாமுன்னா இது ஊமையாயிரும் பாய். பிறகு என்னையக் கொற சொல்லப்படாது."

"ஒரு பல்ப மாத்தவே பத்து வருசம் யோசிக்கிறவனுங்க அண்ணாச்சி அவனுங்க. செட்டயா மாத்தப் போறானுங்க?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பாய் பெட்டியை உள்பாவாடைத் துணி மூட்டைக்குள் சொருகிக்கொண்டார்.

மலிகா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பொட்டிக்கு மூக்கா கீது?"

"காது கீதுல்ல. உன்னவிட எனக்கு முன்னாடி தெரியும், பாத்துகினே இரு."

தெரியத்தான் செய்தது. அடுத்த ஒத்திகைக்கு முன்பே பெட்டி 'மாக் டிரில்' என்றது. பாய் சாவகாசமாக, "உக்காரு, டிராமா ஆரம்பிக்கப் போவுது" என்றார். சைரன் ஊதியது. மலிகா உட்கார்ந்தே இருந்தாள். அந்த மாதம் அவளுக்கு மூச்சிரைப்பு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. பாய்க்குத் தலைகால் புரியவில்லை. தைத்துக்கொண்டே கம்பெனிக்காரன்கள் பேசுவதைக் கேட்பார். எந்த வால்வு அடைத்தது, எவன் லீவு, கேண்டீனில் என்ன கறி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அலுத்துப்போனால் விமானத்துக்குத் திருப்புவார்.

பெட்டி சங்கதி சந்துக்குத் தெரியாது. ஆனால் சைரன் ஊதும்போது பாய் மிஷினை விட்டு எழுந்திருக்காமல் இருந்தால் அது பொய் என்று எப்படியோ கண்டுகொண்டார்கள். ஊதியதும் எதிர்வாசலிலிருந்து வரலட்சுமி எட்டிப் பார்ப்பாள். பாயின் கால் மிதியில் இருக்கும். அவள் பாட்டுக்கு உள்ளே போய்விடுவாள். மற்ற வாசல்களிலும் அதே கதைதான். பாய்க்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆயுத பூஜை சமயத்தில் பெட்டி அமைதியாகிவிட்டது. திருகைத் திருப்பினால் கம்பெனி இருந்த இடத்தில் பேச்சே இல்லை. கெட்டுப்போனதோ என்று பயந்து விமானத்துக்குத் திருப்பினார். கணீரென்று கேட்டது. அப்படியானால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, கம்பெனியில்தான் பேச்சில்லை. வருஷா வருஷம் டேங்க் கழுவ வேலையை நிறுத்துவார்கள், அதுவாக இருக்கும் என்று தனக்குத் தானே ஒரு காரணம் கட்டினார். கேட்டில் போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். 'இன்னாப்பா, வாக்கி சத்தமே காணோம்?' என்று எந்த வாயால் கேட்பது? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அண்ணாச்சியிடமாவது போயிருக்கலாம். தீபாவளி ஆர்டர் தலைக்குமேல் இருந்தது, போகவில்லை.

அந்த மௌனத்துக்கு நடுவில் ஒருநாள் சைரன் ஊதியது. பெட்டி எதுவும் சொல்லியிருக்கவில்லை. பாய் பதறிப்போய் மலிகாவை இழுத்துக்கொண்டு ஓடினார். சந்தும் அவர் பின்னால் ஓடியது. மெயின் ரோட்டில் மஞ்சள் கோட்டுக்காரர்கள் ஜூஸ் பாக்கெட்டோடு நின்றார்கள். அன்றைக்கு மலிகா ரோட்டோரத்திலேயே சரிந்துவிட்டாள், நெபுலைசர் வைக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டியிருந்தது. ஒரு வாரம் பேச்சில்லை. பேச்சு வந்ததும் முதலில், "ஜஸீமா வூட்டுக்குப் போலாங்க" என்றாள். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"தீபாவளி ஆர்டர் முடியட்டும்" என்றார் பாய். முடிந்தபிறகு வேறு ஒரு சாக்கு கிடைத்திருக்கும், அது அவளுக்கும் தெரியும்.

அந்தச் சம்பவத்திலிருந்து பாய் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். தப்பான பாடம். நிஜமாகவே டேங்க் வெடித்தால் அவன்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பான்கள்? கத்திக் கூப்பாடு போடமாட்டான்களா? ஆகவே பெட்டியில் கூப்பாடு இல்லையென்றால் ஒன்றும் இல்லை. சைரன் ஊதினால் ஊதட்டும்.

ஒருநாள் பகல் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்து, இரண்டு உருப்படி தைத்திருப்பார். சைரன் ஊதியது. மலிகா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்புகூடப் போட்டுக்கொண்டாள்.

"இன்னாங்க, போலாமா?"

"இரு. இன்னான்னு கேப்போம்."

துணிக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தார். கம்பெனி இருந்த இடத்தில் சத்தமில்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு 'ஹலோ' இல்லை. விமானத்துக்குத் திருப்பினார். ஒரு பெண் பைலட், இறங்க அனுமதி கேட்டாள். கீழேயிருந்து கொடுத்தார்கள். நன்றி சொன்னாள். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"பொட்டி நல்லாத்தான் கீது. அவனுங்க ஒண்ணும் பேசல. டிரில்லுதான், உக்காரு."

"நெஜமாவா?"

"போன தபா ஓடி இன்னா பாடு பட்ட? மறுபடியும் பேஜாரு வேணாம். நான் சொல்றேன்ல, உக்காரு மலிகா."

மலிகா செருப்பைக் கழற்றினாள். மிஷினுக்குப் பக்கத்தில், வெட்டிய துணிகளின்மேல் உட்கார்ந்தாள். எதிரே வரலட்சுமி எட்டிப் பார்த்தாள். பாய் மிதியில் கால் வைத்து மிஷினை ஓட்டினார். அவள் உள்ளே போனாள்.

காற்று மதில் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. முதலில் கண்தான் எரிந்தது. சாயத் துணி என்று நினைத்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொண்டை. நிமிர்ந்து பார்த்தபோது மலிகா இருமவில்லை. வாயைத் திறந்திருந்தாள், மூச்சு உள்ளே போகவில்லை. ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்திருந்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மனுஷன் ஓடிய ஓட்டத்தைப் பிற்பாடு பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். மெயின் ரோட்டில் அன்றைக்கு ஜூஸ் பாக்கெட் இல்லை, மஞ்சள் கோட்டும் இல்லை. மீன் ஏற்றி வந்த ஒரு வண்டி நின்று ஏற்றிக்கொண்டது.

ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கச் சந்து ஜனங்கள். மலிகாவை உள்ளே குழாய் மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். பாய்க்குப் பக்கத்துப் பெஞ்சில் ஜெஸ்வின் என்று ஒரு கம்பெனி காண்டிராக்ட் தொழிலாளி, கண்ணில் ஈரத் துணியோடு சாய்ந்திருந்தான். அவன் இடுப்பில் வாக்கி டாக்கி தொங்கியது. அது ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. 'மூணாம் நம்பர் இன்னும் அடங்கல, தண்ணி அடி, தண்ணி அடி' என்றது. பாய் எழுந்து அவனருகில் போனார்.

"தம்பி, சைரன் ஊதனதுலேர்ந்து இப்டித்தான் கத்திகினு கீதா?"

"சைரனுக்கு முன்னேர்ந்தே கத்துது பாய். ஓடு ஓடுன்னு கத்திகினே இருந்தாங்கோ."

"இது புது செட்டா?"

"ஆமா பாய். டிஜிட்டலு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சுக் குட்த்தாங்கோ. பழச அன்னிக்கே வாங்கிக்கினாங்கோ, அதுல இப்ப ஒருத்தனும் பேசறதில்ல."

பாய் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். காது கேளாதவன் காதை நம்பி ஒரு உயிரை உட்கார வைத்தது அந்த நிமிஷம்தான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. கம்பெனி செய்த பாவத்துக்குக் கணக்கில்லை. ஆனாலும் 'உக்காரு' என்று சொன்னது கம்பெனி இல்லை.

மலிகா அன்றைக்கே போகவில்லை. சில நாள் கிடந்தாள், கண் திறக்கவே இல்லை. சந்தில் மேலும் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார்கள். வரலட்சுமியும் குரல் கம்மிப்போய்த் திரும்பினாள். அடக்கம் முடிந்த பிறகு அவள் வந்து பாயின் எதிரே நின்று அழுதாள்.

"என்ன காப்பாத்துன மவராசி. உங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா உக்காந்துகினு இருப்பீங்களா பாய்? யாருக்குத் தெரியும், சொல்லுங்க."

அந்த ஆறுதல் அவரைக் கொன்றது. அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓத வந்தவர்கள் போனபிறகு ஜஸீமா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து தகப்பனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தா, ஒண்ணு கேக்கட்டா? சைரன் ஊதச்சொல்ல அம்மா கெளம்பலாம்னு சொல்லுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள் நடந்ததைப் பார்த்தவர்கள் யாருமில்லை. ஆனால் அவரால் அது முடியவில்லை.

"சொல்லுச்சு. செருப்பு போட்டுகினு வாசல்ல நின்னுச்சு. நான்தான் உக்காருன்னேன். உக்காந்துச்சு." பெட்டியைப் பற்றியும் சொன்னார். அண்ணாச்சி சொன்னதையும், ஜெஸ்வின் சொன்னதையும், ஒன்று விடாமல் சொன்னார்.

ஜஸீமா தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கி காலைல அம்மா போன் பண்ணுச்சு. மாடி ரூம கழுவி வெய்யி, வெள்ளிக்கெழம வரேன்னுச்சு. அத்தாவுமான்னு கேட்டேன். அவரு வரமாட்டாரு, வெக்கப்படுவாரு, நான் ஒண்டியாத்தான் வரேன்னுச்சு. உங்கிட்ட வியாழக்கெழம ராத்திரி சொல்லிக்கிறேன்னுச்சு."

பாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை, அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்.

சந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. கேஸ் வந்த வீட்டை வாங்க ஆளில்லை. ஜஹாங்கீர் பாய் இப்போது பெரம்பூரில் மருமகன் வீட்டில் இருக்கிறார். மலிகாவுக்காகக் கழுவி வைத்த மாடி அறையில்தான் படுக்கை. ஜன்னல் பெரியது, காற்று நன்றாக வருகிறது.